வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை, வீட்டுக்கு அருகில் இருக்கும் பொதுப் பள்ளியில், தன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு இதில் உறுதியாக இருக்கிறது. படிப்பது என்றால், அன்றைய பாடத்தில் அந்தக் குழந்தைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் கிரேயானைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

சேர்க்கை விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அது அருகமைப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைக் குழந்தையின் தரப்புதான் முடிவு செய்யும், தலைமையாசிரியர் அல்ல. ஆனாலும் ஜூன் மாதம் பெற்றோர் காதில் விழுவது, "எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லைங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க" என்பதுதான். சில தனியார் பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் குழந்தையோடு உட்கார ஓர் ஆளைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து வைக்கச் சொல்கின்றன. அதற்கு வழியில்லாத வீட்டில் அம்மா வேலையை விட்டுவிட்டு, பள்ளி விடும்வரை வராந்தாவில் காத்துக் கிடக்கிறார். துணைக்கு ஆள் தேவையென்றால் அதை ஏற்பாடு செய்ய வேண்டியது பள்ளியே.

இந்தக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் ஆசிரியரின் பயம் பாதி போய்விடும். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது இவர்கள் மனதில் நன்றாக நிற்கும். பேச வராவிட்டாலும் புரிந்துகொள்வது அதிகம். பேச்சை வைத்து அறிவை எடை போடக் கூடாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதால் பலருக்குக் காது ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். முன் பெஞ்சில் இடம் கொடுக்கச் சொல்வது அதனால்தான். தசைகள் தளர்வாக இருப்பதால் பென்சில் பிடிப்பதே உழைப்பு. கரும்பலகையில் இருப்பதை இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் பலகையை அழித்துவிடுவார். இது சோம்பல் அல்ல.

நான்காம் வகுப்பில் தாவரத்தின் பாகங்கள் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஐந்து வரி விடை எழுதும்போது, இந்த மாணவி செடியின் படத்தில் வேர், தண்டு, இலை, பூ என்ற சொல்லட்டைகளை உரிய இடத்தில் ஒட்டுகிறாள், பிறகு பக்கத்துப் பையனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். பாடம் ஒன்றுதான், விடை தரும் வழி வேறு. அட்டை வெட்டப் பத்து நிமிடம் ஆகும். அதே அட்டைகள், வாசிக்கத் தடுமாறும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஆய்வாளர் சூ பக்லியும் அவரது குழுவினரும் பொதுப் பள்ளியிலும் சிறப்புப் பள்ளியிலும் படித்த டவுன் சிண்ட்ரோம் பதின்வயதினரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேச்சிலும் எழுத்தறிவிலும் பொதுப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். பிறரோடு உறவு கொள்வதில் மட்டும் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு படி மேலே இருந்தார்கள். இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. தன்னைப் போன்ற நண்பர்களும் குழந்தைக்கு வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இவர்கள் மாதம் ஒருமுறையாவது ஒன்றுகூட வட்டார வள மையங்கள் இடம் தரலாம்.

சிறப்புப் பள்ளிகளை மூட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்குள்ள ஆசிரியர்களின் அனுபவம் பொதுப் பள்ளி வகுப்பறைக்குள் வர வேண்டும் என்கிறோம். சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் என்று ஓடிக்கொண்டிருப்பவரால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் தர முடியும்? அவர் குழந்தையைத் தனி அறைக்குக் கூட்டிப் போவதைவிட, வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து வாரப் பாடத்தைத் திட்டமிடுவதே பயன் தரும்.

"மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்ற பேச்சும் இருக்கிறது. நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒற்றை ஆசிரியர் திணறுவது உண்மை. அந்தச் சுமைக்குக் காரணம் ஆசிரியர் பற்றாக்குறை. பழியை ஒரு குழந்தையின் மேல் போடுவது நியாயமல்ல. பத்து வயதுக் குழந்தையை ஒன்றாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பதையும் எதிர்க்கிறோம். அந்த வயதுக்குரிய விளையாட்டும் பேச்சும் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கிடைக்காது.

வரும் சேர்க்கைக் காலத்திலிருந்தே கல்வித் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இடம் மறுக்கும் பள்ளி, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன் நகல் அன்றே முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். வாய்மொழியாக "வசதி இல்லை" என்று கேட்ட பெற்றோர், தேதியையும் சொன்னவரின் பதவியையும் குறித்து எங்களிடம் தரலாம். மனு எழுதுவதிலிருந்து அலுவலகத்துக்கு உடன் வருவது வரை எங்கள் உறுப்பினர்கள் துணை நிற்பார்கள்.