லெட்டர்பேடு போதாது



மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் இளைஞர் யாராவது அடிதடி வழக்கில் சிக்கினால், வீட்டார் முதலில் ஓடுவது கட்சிக்காரரிடம்தான், லெட்டர்பேடில் நன்னடத்தைச் சான்று வாங்க. 'எனக்கு நன்கு தெரிந்தவர், நல்லவர்' என்று ஒரே வரி. யாருக்கும் பொருந்தும் அந்த வரியால் நீதிபதிக்கு என்ன தெரியும்?

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4-ஆவது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றங்களில், குற்றவாளியின் குணத்தையும் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட வழி தருகிறது. 21 வயதுக்கு உட்பட்டவரென்றால், சிறையா பிணையா என்று முடிவெடுக்க நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டாக வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு.

ஆகவே, குணத்தைப் பற்றி எழுத வேண்டியவர் அந்த இளைஞரோடு உப்புப் பாத்தியில் நின்ற மேஸ்திரி. எத்தனை வருடப் பழக்கம், விடியுமுன் உப்பு வார வந்து நின்றவரா, கூலியை வீட்டில் கொடுத்தவரா என்பதை, வழக்கு என்னவென்று தெரிந்தே எழுதட்டும். புகார் கொடுத்தவரைப் பழிக்கக் கூடாது. வக்கீலிடம் காட்டாமல் கோர்ட்டுக்கு அனுப்பவும் கூடாது.

விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இப்படி எழுதுவதை உப்பளத்துக்கே வந்து முகாம் வைத்துச் சொல்லித்தர வேண்டும். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். முகாமை அப்போது வைத்தால் யாருக்கும் கூலி போகாது.

– ஒரு வாசகர், மரக்காணம்