ஹெல்சின்கி – டோக்கியோ: தூரம் ஒன்றுதான், நேரம் வேறு

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், நடுவில் இத்தனை கிலோமீட்டர், பறக்க இத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடும் இணையப் பக்கங்கள் ஏராளம். அவற்றில் பல செய்வது வெறும் வகுத்தல் கணக்கு. உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கும் உள்ள மிகக் குறுகிய தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க ஓர் அரை மணி சேர்த்துவிடுவது. தூரம் சரி. அந்த நேரத்தை நம்பி இறங்கிய இடத்தில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் பாடுதான் திண்டாட்டம்!

ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 7,800 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் பத்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2022 தொடக்கம் வரை அப்படித்தான் போனார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி ஹெல்சின்கி என்பதை வைத்தே ஃபின்ஏர் நிறுவனம் தன் வியாபாரத்தை வளர்த்தது.

ஆனால் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் ரஷ்யாவின் தலைக்கு மேல் போகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. மார்ச்சில் ஃபின்ஏர் மீண்டும் டோக்கியோவுக்குப் பறந்தபோது வழி வடதுருவத்தின் மேலே. நேரம் சுமார் 13 மணி!

இதில் வேடிக்கை என்னவென்றால், இது பழைய வழிதான். 1983-ல் ஃபின்ஏர் முதன்முதலில் டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்தபோதும் டிசி-10 விமானம் வடதுருவத்தைச் சுற்றித்தான் போனது. அப்போது சைபீரிய வான்வழி அதற்குக் கிடைக்கவில்லை. அன்றும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். நாற்பது ஆண்டுகளில் விமானம் மாறியது, என்ஜின் மாறியது, எரிபொருள் சிக்கனம் வந்தது. பயண நேரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்கு அன்று கொடுத்த சான்றிதழைக்கூட 2022-ல் மறுபடி கொடுத்தார்கள்.

காற்றும் தன் பங்குக்குக் கணக்கைக் கெடுக்கும். நியூயார்க்கிலிருந்து லண்டன் போவதைவிடத் திரும்பி வர வழக்கமாக ஒரு மணி நேரமாவது கூடுதல். 2020 பிப்ரவரியில் பலத்த மேல்காற்று தள்ளிக்கொண்டு போனதில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனைத் தொட்டது.

ஆகவே இந்தப் பக்கங்கள் வகுத்துச் சொல்வதை விட்டுவிட்டு, கடந்த வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்பதைப் போடுவதே நியாயம். அந்த விவரம் கிடைக்காத ரகசியமல்ல. அதுவரை விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பார்ப்பது நல்லது. அதிலும் இரண்டு ஊர்களின் கடிகார வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் அது கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி.