கப்பலில் இருந்து யாரைத் தள்ளுவது?

“இஸ்லாமிய அறம் விளைவைப் பார்க்காது, கட்டளையை மட்டுந்தான் பார்க்கும்.” ஈஸ்ட்ஹாம் இலக்கியக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். எனக்கு 2020 நினைவுக்கு வந்தது.

கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று இலங்கை அரசு அந்த ஏப்ரலில் விதி செய்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். பிறந்து இருபதே நாளான குழந்தையைக்கூடப் பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். ‘ஊர் உயிர் பெரிதா, சடங்கு பெரிதா’ என்று எங்கட ஆட்களிலும் சிலர் கேட்டார்கள். அது விளைவுவாதத்தின் மொழி. விளைவை அளந்து காட்டியவர்தான் இல்லை.

முஸ்லிம்களோ பள்ளிவாசல்களை மூடினார்கள், ஜும்ஆவை விட்டார்கள். தொற்று அபாயம் இருந்தால் மையித்தைக் குளிப்பாட்டாமலே அடக்கலாம் என்று உலமாக்கள் பலர் ஃபத்வா கொடுத்தார்கள். இதெல்லாம் விளைவைப் பார்க்காமலா? எரிப்பதைத்தான் மறுத்தார்கள்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் இதைப் பேசியிருக்கிறார். எதிரிப்படை முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக நிறுத்தி முன்னேறுகிறது. தாக்காவிட்டால் சமூகமே அழியும். அப்போது தாக்கலாம் என்கிறார். ஆனால் அவசியம், உறுதி, முழுச் சமூகத்துக்குமான ஆபத்து மூன்றும் இருக்கவேண்டும். மூழ்கும் கப்பலில் ஒருவரைத் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றாலோ, சீட்டுப் போட்டுக்கூடத் தள்ளக்கூடாது. கொழும்பின் வாதம் ‘உறுதி’ என்ற இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதை வைத்து ‘மஸ்லஹா என்பதே பெந்தாமின் பயன்வாதந்தான்’ என்று பூரிக்கும் முஸ்லிம் எழுத்தாளர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1832இல் இறந்த பெந்தாம் தன் உடலை அறுத்துப் படிக்க எழுதிவைத்தார். உடையணிந்த அவரது எலும்புக்கூடு லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. அது அவருடைய உடல், அவருடைய விருப்பம். ஆனால் அவரது கணக்கில் கப்பல்காரனைத் தள்ளுவதற்குத் தடையேதும் இல்லை. கஸ்ஸாலியிடம் இருக்கிறது.

இந்த நகரத்திலும் அதே சோதனை வந்தது. 2020 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டரில் கொண்டுவந்த கொரோனா சட்டமூலம், இறந்தவரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கவும் இடம் வைத்திருந்தது. நாஸ் ஷா எம்.பி. எதிர்த்தார், அரசு திருத்தியது. இலங்கையைவிட எத்தனையோ மடங்கு சாவு விழுந்த இங்கே ஜனாஸாக்கள் மண்ணுக்குள்தான் போயின.

ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது 2021 மார்ச்சில். மன்னிப்புக் கேட்க இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில். ‘சடங்கு பெரிதா’ என்று கேட்டவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.