சிறிய தளங்களைச் சூழும் பொட்கள்: பூட்டுப் போட்டால் வெளியே நிற்பது யார்?

கடந்த 2025 நவம்பர் 18ஆம் திகதி, இலங்கை நேரப்படி மாலை 5 மணியளவில், உலகின் பல பாகங்களிலும் இணையத்தளங்கள் திறக்க மறுத்தன. எக்ஸ் தளம் இயங்கவில்லை. சாட்ஜிபிடி இயங்கவில்லை. இது பாரிய சைபர் தாக்குதலாக இருக்கலாம் என்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொறியியலாளர்களே ஆரம்பத்தில் சந்தேகித்தனர். பின்னர் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கம் வேறு விதமாக இருந்தது. ஒரு தளத்துக்கு வருவது மனிதரா, தானியங்கி நிரலா என்று பிரித்தறியும் அமைப்புக்கு ஒரு கோப்பு அடிக்கடி அனுப்பப்படுகிறது. தரவுத்தளத்தில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தினால் அக்கோப்பு இருமடங்கு பெருத்து, அதை வாசிக்கும் மென்பொருளையே நிறுத்திவிட்டது.

காவலாளிக்கு மயக்கம் வந்ததால் கடைத்தெருவே மூடப்பட்ட கதை இது. உலகின் இணையத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த ஒரே காவலாளியின் பின்னால்தான் நிற்கிறது. இவ்வளவு பேரும் ஏன் அங்கு போய்ச் சேர்ந்தார்கள் என்ற கேள்வியை அன்றைய செய்திகள் பெரிதாகக் கேட்கவில்லை. விடையின் பெரும்பகுதி "பொட்" எனப்படும் அந்தத் தானியங்கி நிரல்களில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிருவாகம், பழைய மாணவர் சங்கம், ஊர் நூலகம் போன்றவை நடத்தும் சிறிய தளங்களின் நிலை வேறு. எமது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை பெட்ச் நண்பர்களும் அப்படியொரு சிறிய சமூகத் தளத்தைச் சொந்தமாக நடத்தி வருகிறோம். வட்ஸ்அப் குழுவில் போட்ட வினாத்தாளை அடுத்த தவணையில் தேடினால் கிடைக்காது என்பதுதான் ஆரம்பக் காரணம். மென்பொருள் இலவசம், சேர்வர் வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, ஒரு சதம்கூட விலை ஏற்றப்படாத அந்த வாடகை எமது சம்பளத்தில் எவ்வளவாகத் தெரிந்தது என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்படிப் பணம் சேர்த்து நடத்தும் தளத்தில், உறுப்பினர் எவரும் நுழையாத பின்னிரவுகளிலும் சேர்வர் ஓய்வதில்லை.

வருபவை இரண்டு வகை. ஒன்று உள்ளே நுழைந்து பேச வருவது. மற்றது வெளியே நின்றே எல்லாவற்றையும் வாசித்து அள்ளிச் செல்வது.

முதல் வகை பழையது. கணக்குத் திறக்கும், விளம்பர இணைப்புக்களைப் போடும், உறுப்பினர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பும். 2024 பெப்ரவரியில் மஸ்டொடன் உலகில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2016இல் தொடங்கிய மஸ்டொடன் ஒரே கம்பனியின் தளமல்ல. ஆயிரக்கணக்கான தனித்தனி சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையமைப்பு. முன்னர் இத்தகைய தாக்குதல்கள் பெரும்பாலும் அதன் மிகப் பெரிய சேர்வரையே குறிவைத்தன. அம்முறை அப்படியல்ல. யாரும் கவனிக்காமல் விட்ட, ஆனால் புதியவர் பதிவு மட்டும் திறந்தே கிடந்த சிறிய சேர்வர்களைத் தேடிப்பிடித்து, அங்கெல்லாம் நிரல் மூலம் கணக்குகளைத் திறந்து, வலையமைப்பு முழுவதற்கும் குப்பைப் பதிவுகளை அனுப்பினர். ஜப்பானிய இளைஞர் குழுக்களுக்கிடையிலான ஒரு தகராறே இதன் பின்னணி என்று செய்திகள் வெளியாகின. சில பொடியன்களின் சண்டைக்கு உலகெங்கும் நிருவாகிகள் நித்திரை முழித்தனர்.

அதன் பின்னர் வந்த மஸ்டொடன் பதிப்பில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. பொறுப்பாளர் எவரும் ஒரு வாரமளவில் எட்டிப்பார்க்காத சேர்வரில், திறந்த பதிவு தானாகவே "அனுமதி பெற்ற பின்" என்று மாறிவிடும். மிகச் சரியான முடிவு என்பேன். ஏனெனில் ஆபத்து வந்தது தாக்கப்பட்ட தளங்களின் கவனக்குறைவால் அல்ல, கைவிடப்பட்ட அயல் தளங்களால். எமது ஊர்களிலும் நூற்றாண்டு விழாவுக்குத் தொடங்கி, விழா முடிந்த கையோடு மறந்துபோன பாடசாலைத் தளங்கள் எத்தனை? அவற்றின் கதவு மூடப்பட்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

பொட்டைத் தடுக்க, "போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தெரிவுசெய்க" என்று கேட்கும் சோதனையை எல்லோரும் கண்டிருப்பீர்கள். சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் கூகுளின் அத்தகைய சோதனையை இயந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கு நூறு தீர்த்துக் காட்டிவிட்டனர். இப்போது அச்சோதனையில் தடுமாறுவது கண்பார்வை மங்கிய எமது மூத்தோர்தான்.

சிறிய தளத்துக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. தன் ஆட்களைத் தனக்குத் தெரியும். "ஏன் இணைய விரும்புகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்ட காலத்தில், பொட்கள் எழுத்துப்பிழையில்லாத அழகான பந்திகளை எழுதி அனுப்பின. (வகுப்பிலும் இதே அனுபவம்தான், பிழையே இல்லாத கட்டுரை வந்தால் இப்போது சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம் வருகிறது.) கேள்வியை மாற்றினோம்: "விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பகல் என்ன கறி?" அன்றிலிருந்து அந்த வழியாக எந்தப் பொட்டும் உள்ளே வரவில்லை. எமது ஆட்களோ கறியின் பெயரோடு அதன் குறைகளையும் சேர்த்து எழுதி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வகைக்கு இந்த உபாயம் செல்லாது. அது கணக்குத் திறப்பதே இல்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க எழுத்து வேண்டும். அதை எடுக்க உலகின் எல்லாத் தளங்களையும் பக்கம் பக்கமாக வாசிக்கும் பொட்கள் இவை. வாசித்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா மன்றம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். படங்கள், காணொளிகளைத் தரவிறக்குவதற்கான பயன்பாடு 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் கூடியிருந்தது. மொத்தப் பக்கப் பார்வைகளில் பொட்களின் பங்கு 35 சதவீதம் மட்டுமே. ஆனால் மன்றத்துக்கு மிகக் கூடிய செலவு வைக்கும் வருகைகளில் 65 சதவீதம் பொட்களுடையது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளியது. பாடசாலை நூலகத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் புத்தகங்களை நூலகர் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். ஒருவர் வந்து களஞ்சிய அறையிலுள்ள ஒவ்வொரு பழைய புத்தகத்தையும் வரிசையாகக் கேட்டால் நூலகருக்கு வேறு வேலையே ஓடாது. மனிதர்கள் பிரபலமான பக்கங்களைப் பார்க்கிறார்கள். அவற்றின் பிரதி தயாராக இருக்கும். பொட்கள் யாரும் பார்க்காத பத்து வருடப் பழைய பக்கத்தையும் கேட்கும். அதை ஒவ்வொரு தடவையும் மூலத் தரவுத்தளத்திலிருந்து புதிதாக எடுத்துக் கட்டவேண்டும். 2024 டிசம்பரில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் காலமானபோது மக்கள் விக்கிப்பீடியாவுக்குத் திரண்டனர். அப்படியான நெரிசலை அது எத்தனையோ தடவை தாங்கியிருக்கிறது. ஆனால் அந்நேரம் கொள்ளளவின் பெரும்பங்கைப் பொட்கள் ஏற்கெனவே பிடித்திருந்ததால், சுமார் ஒரு மணிநேரம் சிலருக்குப் பக்கங்கள் மெதுவாகவே திறந்தன.

விக்கிமீடியா பெரிய நிறுவனம், சமாளிக்கும். மென்பொருள் கையேடுகளை வெளியிடும் ரீட் த டொக்ஸ் என்ற தளத்திலிருந்து ஒரே ஒரு பொட் 2024 மே மாதத்தில் 73 டெராபைட் தரவை இறக்கியது. அதற்கான கட்டணம் 5,000 டொலருக்கும் மேல். சோர்ஸ்ஹட் தளத்தை நடத்தும் டுரூ டெவோல்ட், சில வாரங்களில் தனது வேலை நேரம் முழுவதுமே இப்பொட்களைத் தடுப்பதில் போவதாக 2025 மார்ச்சில் எழுதினார். கம்பனிகளின் செலவை என் முகத்தில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதே அவரது முறைப்பாட்டின் சாரம்.

இதற்கு ஒழுங்குமுறை ஒன்றும் இல்லாமலில்லை. 1994இல் மார்ட்டின் கொஸ்டர் முன்மொழிந்த ரோபோட்ஸ் டொட் டெக்ஸ்ட் என்ற சிறு கோப்பு இருக்கிறது. எந்தப் பொட் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தள உரிமையாளர் அதில் எழுதி வைப்பார். 2022இல் அது இணையத் தரநிலையாகவும் வெளியானது. ஆனால் அது அறிவித்தல் பலகை, பூட்டு அல்ல. 2024 ஜூலையில் அந்த்ரொபிக் கம்பனியின் பொட் 24 மணிநேரத்தில் பத்து இலட்சம் தடவை தனது தளத்துக்கு வந்ததாக ஐஃபிக்ஸிட் நிறுவனத்தின் தலைவர் கைல் வீன்ஸ் பகிரங்கமாகக் குறைகூறினார். கோப்பில் தடை எழுதியதும் அது நின்றுவிட்டது. அதாவது பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் பொட்டை அதன் பெயரைக் கொண்டே நிறுத்தலாம். தன்னைச் சாதாரண குரோம் உலாவி என்று சொல்லிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வீட்டு இணைப்புக்களின் ஊடாக ஒவ்வொரு முகவரியிலிருந்தும் ஒரேயொரு தடவை மட்டும் வருவதை என்ன சொல்லி நிறுத்துவது?

இந்த இடத்தில்தான் சிறிய தளக்காரர்கள் பூட்டுக்களைத் தேடுகின்றனர். 2025 ஜனவரியில், தனது சேர்வரை அமேசனின் பொட் முடக்கியதால் ஸீ இயாசோ என்ற நிரலாளர் "அனூபிஸ்" என்ற மென்பொருளை உருவாக்கினார். பக்கத்தைத் திறப்பதற்கு முன் வருபவரின் உலாவிக்கு அது ஒரு கணக்கைக் கொடுக்கும். ஒரு மனிதருக்கு ஓரிரு செக்கன் தாமதம். இலட்சக்கணக்கான பக்கங்களை எடுக்க வருபவருக்கு மின்சாரச் செலவு. க்நோம் மென்பொருள் திட்டத்தினர் இதைப் பொருத்தியபோது, இரண்டரை மணிநேரத்தில் வந்த 81 ஆயிரம் வேண்டுகோள்களில் சுமார் 3 சதவீதமே தேறி உள்ளே வந்தன.

ஆனால் அந்த ஓரிரு செக்கன் எந்தத் தொலைபேசியில்? புதிய ஐபோனில் கண் இமைக்கும் நேரம். உம்மாவின் கையிலிருந்து பிள்ளைக்கு இறங்கி வந்த, திரை வெடித்த அன்ட்ரொய்ட் தொலைபேசியில் அது நீண்ட நேரம். அத்தோடு, கைத்தொலைபேசி வலையமைப்புக்களில் பெருந்தொகையான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பது சாதாரணம். அவர்களில் ஒருவரது தொலைபேசியில் ஏதாவது தீய செயலி இருந்தால் எல்லோரும் சந்தேக நபர்கள். இன்னும் கடுமையான வழியும் உண்டு: 2025 மார்ச்சில் ஃபெடோரா திட்டத்தின் நிருவாகி ஒருவர், வேறு வழிகள் பலனளிக்காத நிலையில் பிரேசில் நாட்டையே மொத்தமாகத் தடுக்க வேண்டி வந்தது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அப்படி ஒரு பொத்தான் இருக்கும் வரை, அதில் அடுத்து எழுதப்படும் நாடு லண்டனாகவோ நியூயோர்க்காகவோ இருக்காது. எம்மைப் போன்றவர்களின் நாடாகவே இருக்கும்.

மற்ற வழி கிளவுட்ஃபிளேரிடம் போவது. செயற்கை நுண்ணறிவுப் பொட்களை அலையவிடும் பொய்ப் பக்கங்களின் சிக்கல்வழியை அது 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்தியது. ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் தளங்களில் அப்பொட்களைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. இலவசச் சேவையும் உண்டு. ஆனால் பெரிய கம்பனிகளின் தயவில் இருக்கக்கூடாது என்பதற்காகச் சொந்தத் தளம் அமைத்தவர்கள், அதைக் காப்பாற்ற இன்னொரு பெரிய கம்பனியிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். நவம்பர் 18இல் நடந்தது அதன் விலை. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரே உத்தரவில் முடக்கப்பட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரே வாசல் என்றால் ஒரே பூட்டு.

எமது நாட்டுச் சட்டத்தில் இதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கவனமெல்லாம் என்ன பேசப்படுகிறது என்பதில். சிறிய தளமொன்றின் வாடகையை அறியாத பொட் ஒன்று தின்று தீர்ப்பது அதன் விடயமல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா? இங்கே ஒரு தமிழாசிரியனாக எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாணவர்கள் இயந்திரத்திடம் எழுதி வாங்கிவரும் கட்டுரைகளில் "அதிபர்" இல்லை, "தலைமையாசிரியர்" இருக்கிறார். இரண்டாம் தவணைப் பரீட்சை "அரையாண்டுத் தேர்வு" ஆகிவிடுகிறது. வாப்பாவும் ராத்தாவும் அதற்குத் தெரியவே தெரியாது போலும். இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழகத்தினுடையது. இயந்திரம் கற்றது அதைத்தான். எமது எழுத்தையும் நாம் பூட்டி வைத்தால் நாளைய பிள்ளைகள் பேசப்போகும் இயந்திரத்துக்கு எமது தமிழ் ஒருபோதும் தெரியவராது.

நாங்கள் தளத்தை இரண்டாகப் பிரித்தோம். பாடக்குறிப்புக்களும் கட்டுரைகளும் பொதுவில். பெயரைச் சொல்லிக்கொண்டு மெதுவாக வரும் பொட்களுக்கு அங்கு தடையில்லை. உறுப்பினர்களின் உரையாடலும் பிள்ளைகளின் படங்களும் கடவுச்சொல்லுக்குப் பின்னால். நண்பர்கள் சிலர் இதை இன்னும் ஏற்கவில்லை. இராமுழுக்க விழித்திருந்து எழுதிய குறிப்பை ஒரு கம்பனி எடுத்து மாதச் சந்தாவுக்கு விற்பதற்கு, நாம் ஏன் சேர்வர் வாடகை கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். அடுத்த வருட வாடகைக்குப் பணம் சேர்க்கும்போது அந்தக் கேள்வி மீண்டும் வரும்.