சிறு தொகை யார் பெட்டியில் பெருகுகிறது?

"ஓய்வு நேரத்தில் ஏதாவது உபதொழில் செய்யுங்கள். கையில் இருக்கும் சிறு தொகையைப் போட்டுப் பெருக்குங்கள். ஐந்து வருஷத்தில் நீங்களும் நாலு காசு பார்க்கலாம்." இந்த உபதேசம் புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்களில் நாள் தவறாமல் ஒலிக்கிறது. சர்க்கார் அதிகாரிகள் சொல்கிறார்கள். பத்திரிகைகள் சொல்கின்றன. செல்போன் திரையில் யார் யாரோ சொல்கிறார்கள். மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஊழியரும் பெண்களை மரத்தடியில் கூட்டி வைத்து இதையே சொல்கிறார். 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை துவங்கிய பின், அந்த ஆயிரத்தை எதில் போட்டால் பெருகும் என்று யோசனை சொல்ல வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை.

சேமிப்புக்கு நாம் விரோதிகள் அல்ல. சிக்கனமாக வாழ்வதில் உழைப்பாளி மக்களை மிஞ்சியவர்கள் யார்? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் தாய்மார்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் வகுப்பு நடத்த வேண்டியதில்லை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. பாடுபட்டு மிச்சம் பிடித்த அந்தச் சிறு தொகை பெருகுகிறபோது, அது யாருடைய பெட்டியில் பெருகுகிறது?

முதலாளிகளின் செல்வத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆதியில் சிலர் உழைத்துச் சேர்த்தார்களாம். மற்றவர்கள் சோம்பேறிகளாகத் தின்று தீர்த்தார்களாம். அதனால்தான் முன்னவர்கள் பணக்காரர்கள், பின்னவர்கள் ஏழைகள் என்று. 1867-ல் வெளிவந்த "மூலதனம்" முதல் பாகத்தில் மார்க்ஸ் இந்தக் கதையை எள்ளி நகையாடினார். விவசாயியை நிலத்திலிருந்து துரத்தியதும், காலனி நாடுகளைக் கொள்ளையடித்ததும்தான் மூலதனத்தின் பிறப்பு என்பதைச் சரித்திர ஆதாரங்களோடு எடுத்துக் காட்டினார். அதே கதைக்குப் புதுச் சட்டை மாட்டி இன்று நம் கிராமங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஓய்வு நேரம் யாருக்கு இருக்கிறது?

புதுக்கோட்டை ஜில்லா பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் ஒரு பகுதிக்குத்தான் எட்டுகிறது. மற்ற இடங்களில் குளம், கண்மாய், ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. ஒரு போக விவசாயத்தை நம்பி வருஷம் முழுவதும் அடுப்பு எரியாது. ஆகவே இங்கே உழைக்கும் குடும்பம் எப்போதும் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே பிழைத்து வந்திருக்கிறது. ஆதனக்கோட்டையில் பெண்கள் முந்திரிக் கொட்டையை வறுத்து உடைக்கிறார்கள். கீரமங்கலம் வட்டாரத்தில் விடியுமுன் பூப்பறிக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஆடும் கறவை மாடும் உண்டு. உபதொழில் என்பது நம் மக்களுக்கு யாரும் வந்து கற்றுக் கொடுக்க வேண்டிய வித்தை அல்ல.

விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, வயலுக்குப் போய், திரும்பி வந்து மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிற ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணிடம் "ஓய்வு நேரத்தை வீணாக்காதே" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: தூக்கத்தைக் குறைத்துக்கொள் என்பதே அது. எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல் சிகாகோ தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். 1923 மே 1-ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அந்த எட்டு மணி நேரத்தைப் பதினான்காக நீட்டுவதற்கு இன்று கௌரவமான பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஜில்லா ஒரு உபதொழிலின் வாழ்வையும் சாவையும் கண்ணாரக் கண்டிருக்கிறது. திருச்சியைச் சுற்றியும் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் ஒரு காலத்தில் குடிசை குடிசையாகப் பரவியிருந்தது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கூலிக்கு முன்னால் ஒரு முன்பணம். முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கண் கெட, முதுகு வளைய உழைத்தார்கள். இயந்திரத்தில் தீட்டிய சீனக் கற்கள் சந்தைக்கு வந்ததும் தொழில் படுத்துவிட்டது. வியாபாரி தன் லாபத்தை வேறு தொழிலுக்கு எடுத்துப் போனான். பட்டறைக்காரர்களுக்கு மிஞ்சியது மங்கிய கண்பார்வைதான்.

ஆடு வளருமுன் தவணை வருகிறது

"தொழில் செய்ய முதல் இல்லையா? இதோ கடன்" என்று வருகிறார்கள். இந்தக் கடனின் கணக்கை ஒரு உதாரணத்தால் பார்ப்போம்.

ஆடு வாங்க ஒரு பெண் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார்; வாரம் 230 ரூபாய் வீதம் 50 வாரம் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,500 ரூபாய். வட்டி 1,500தானே, 15 சதவிகிதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தாயிரம் வருஷம் முழுவதும் அவர் கையில் இருக்கிறதா? இல்லை. முதல் தவணையிலிருந்தே அசல் கரையத் துவங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருப்பது ஐயாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 வட்டி என்றால் உண்மையான வட்டி ஏறத்தாழ 30 சதவிகிதம்!

இனி ஆட்டின் கணக்குக்கு வருவோம். பெட்டை ஆடு சினைப்பட்டு ஐந்து மாதம் கழித்துக் குட்டி போடும். அந்தக் குட்டி விற்கும் பருவத்துக்கு வர மேலும் பல மாதங்கள் ஆகும். தவணையோ அடுத்த வாரமே ஆரம்பமாகிவிடுகிறது. அந்த 230 ரூபாய் எங்கிருந்து வரும்? நடவுக் கூலியிலிருந்தும் களையெடுப்புக் கூலியிலிருந்தும்தான் வரும். உபதொழில் குடும்பத்தைத் தாங்கும் என்றார்கள். குடும்பத்தின் கூலி உபதொழிலின் கடனைத் தாங்குகிறது. மழை பொய்த்துக் கூலி வேலை நின்ற வாரம், முதல் கம்பெனிக்குக் கட்ட இரண்டாவது கம்பெனியிடம் கடன். அதையும் கட்ட முடியாதபோது, அரைகுறையாய் வளர்ந்த ஆடு வந்த விலைக்கு வியாபாரியிடம் போகிறது. ஆடு போகும், கடன் நிற்கும்.

இது தனிப்பட்ட யாருடைய துரதிருஷ்டமும் அல்ல. 2010-ல் ஆந்திராவில் இந்தக் கடன் வலையில் சிக்கிய பெண்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதே வருஷம் ஒரு பெரிய மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி பங்குச் சந்தையில் இறங்கி லாபம் குவித்தது. அக்டோபரில் மாநில சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டு வர வேண்டியதாயிற்று. 2011-ல் ரிசர்வ் வங்கி 26 சதவிகிதம் என்று வட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் உச்சவரம்பையே எடுத்துவிட்டு, கம்பெனிகளே வட்டியை நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஓநாயிடமே பட்டியின் சாவியைக் கொடுத்த கதைதான்.

2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் இந்த ஜில்லாவின் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரையில்லாத வீட்டு வாசலிலும் தவணை கேட்டு வந்து நின்றார்கள். பெண்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கடன் தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்த பின்பும் வசூல் நெருக்கடி ஓயவில்லை. இத்தகைய அடாவடியைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. போராடிய பெண்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் வசூல்காரரின் வாயைக் கட்டுவதால் மட்டும் கடன் வாங்கவைக்கும் வறுமை ஒழிந்துவிடாது.

கடனுக்கும் பயந்தவர்களை வேறொரு கூட்டம் பிடித்துக்கொள்கிறது. ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்றார்கள். 2012-ல் பெருந்துறையில் அந்தக் கோட்டை சரிந்தது. போட்ட பணத்துக்கு மாதம் 25, 30 சதவிகிதம் என்றது ஆருத்ரா. 2022-ல் அது அம்பலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பணம் போயிருந்தது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏளனம் செய்வது சுலபம். கூலியால் குடும்பம் நடத்த முடியாது என்ற நிலை இருக்கும் வரை, பொய் வாக்குறுதிக்கும் ஆள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

கல்லுடைத்த பெண்கள் காட்டிய வழி

அப்படியானால் ஏழையின் சிறு தொகை பெருகவே பெருகாதா? பெருகும். அதற்கான சாட்சியமும் இதே புதுக்கோட்டை மண்ணில் இருக்கிறது.

குடுமியான்மலை முதலிய இடங்களில் கல் குவாரிகளில் வேலை செய்த பெண்களில் பலர் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். குவாரி குத்தகை காண்டிராக்டருக்கு. வெயிலில் ஜல்லி உடைப்பது பெண்களுக்கு. 1990-களின் துவக்கத்தில் ஜில்லா நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. குவாரிகளைப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு குவாரிகளைத் தாங்களே நடத்தினார்கள் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அதே சம்மட்டி, அதே பாறை, அதே வெயில். ஆனால் உடைத்த கல்லின் விலை உடைத்தவர் கைக்கு வந்தது. பழைய கடன் அடைந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மிச்சம் என்ற ஒன்றை அந்தக் குடும்பங்கள் கண்ணால் பார்த்தன.

அதே வருஷங்களில்தான் அறிவொளி இயக்கம் இங்கே கொழுந்துவிட்டு எரிந்தது. படிப்போடு சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்து பொழுதைத் தொலைத்தவர்கள் விளைபொருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாலு ஊர் போய் விற்றார்கள். கணக்குப் படிக்கத் தெரிந்தது, வண்டி ஓட்டத் தெரிந்தது, குவாரி கையில் இருந்தது. மூன்றும் சேர்ந்தபோது சிறு தொகை பெருகியது.

இதைக் காண்டிராக்டர்கள் பொறுத்துக்கொள்வார்களா? பல வழிகளில் நெருக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே குத்தகைகள் பெண்கள் கையைவிட்டு நழுவத் துவங்கின. அந்தப் பெண்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா? சிக்கனத்தை மறந்தார்களா? இல்லை. பாறை மீண்டும் காண்டிராக்டர் கைக்குப் போயிற்று, அதோடு மிச்சமும் போயிற்று. சேமிப்பின் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது.

மொய்ப் பணம் சொல்வது என்ன?

ஆடி மாதம் வந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஊர்களில் மொய் விருந்து நடக்கிறது. கறிச் சோறு போட்டு, உறவும் ஊரும் எழுதும் மொய்யை நோட்டில் குறித்து, லட்சக் கணக்கில் பணம் திரட்டுகிறார்கள். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டிக்காரன் இல்லை. வாங்கியதைச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்யவேண்டும் என்ற ஊர்க் கட்டுப்பாடுதான். அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறார்கள், கடை வைக்கிறார்கள். மக்கள் தங்களுக்குள் கூடினால் கந்து வட்டி இல்லாமலே முதல் திரட்ட முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் இதிலும் வர்க்கம் இருக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் மொய் நோட்டு தடிமனாக இருக்கிறது. கூலிக்காரருக்கோ, திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யே ஒரு கடன் சுமையாகிவிடுகிறது. கையில் சொத்து இருப்பவருக்குத்தான் எந்த ஏற்பாடும் முழுப் பயன் தருகிறது.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் சொல்கிறோம்: சிறு தொகை பெருக வேண்டுமானால் கூலி உயர வேண்டும், தொழிலின் ஆதாரம் உழைப்பவர் கையில் இருக்க வேண்டும், கடன் பொதுத்துறை வங்கியிலிருந்து மலிவான வட்டிக்கு வர வேண்டும்.

1969-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டது, ஏழையின் வாசலுக்கும் வங்கி வர வேண்டும் என்பதற்காக. சுய உதவிக் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டிக்குக் கடன் என்று 2022-ல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அந்த ஏழுக்கும் நாம் மேலே கண்ட முப்பதுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் ஏழைப் பெண்ணின் சேமிப்பு! ஏழு சதவிகிதக் கடனை அலைக்கழிக்காமல் கொடுக்கும்படி வங்கிகளை நிர்ப்பந்திக்க வேண்டும். ஆட்டுக் கடனுக்கு ஆடு விற்கும் காலத்திலும், பயிர்க் கடனுக்கு அறுவடையிலும் தவணை வைக்க வேண்டும். தனியார் கடன் கம்பெனிகளின் வட்டிக்கு மீண்டும் உச்சவரம்பு வேண்டும். குவாரிக் குத்தகையிலும் கண்மாய் மீன் குத்தகையிலும் பெண்களின் கூட்டுறவுகளுக்கு முதலிடம் வேண்டும். முந்திரிக்கும் பூவுக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கூட்டுறவுக் கொள்முதல் வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வயலில் அமுலாக வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் மாதர் சங்கத் தோழர்களும் இந்த வேலையைக் கிராமம் கிராமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கடன் அட்டையை வாங்கிப் பாருங்கள். உண்மை வட்டி எவ்வளவு என்று அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எத்தனை கம்பெனி, எவ்வளவு பாக்கி என்று பட்டியல் எடுங்கள். மிரட்டல் நடந்தால் தனியாக அழ விடாமல் ஊராகச் சேர்ந்து கலெக்டரிடம் போங்கள். அதே பட்டியலோடு வங்கி வாசலுக்கும் போங்கள்.

சம்மட்டி பிடித்த கையால் குவாரி நடத்த முடியும் என்று முப்பது வருஷங்களுக்கு முன்பே இந்த ஜில்லாவின் பெண்கள் நிரூபித்துவிட்டார்கள். பறிபோன அந்தக் குத்தகைகளைக் கேட்டு மீண்டும் ஒன்றுசேர்வோம்!