சும்மா ஒரு நாள் காட்டுக்குள்ளே...



'டூர்' என்றதும் நம் வகுப்பில் கிளம்பும் பெயர்கள் என்ன? ஊட்டி, கொடைக்கானல், கொச்சி! கைதட்டல் ஓய்ந்தபின் தொகையைச் சொல்வார்கள். கட்ட முடியாதவன் "உடம்பு சரியில்லடா" என்று ஒதுங்கிக்கொள்வான். போன வருஷம் அப்படி ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒதுங்கிய நாங்கள் ஐந்து பேரும் ஒரு சனிக்கிழமை செண்பகத்தோப்புக்குப் போனோம். சாத்தூரிலிருந்து சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர்; அங்கிருந்து மேற்கே மலையடிவாரம். செலவு பஸ் காசும் புளிச்சோறும்தான்!

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "காட்டுல என்னடா வேலை? விறகு பொறுக்கவா?"

"இல்லம்மா, சும்மா நடந்துட்டு வரப்போறோம்."

"சும்மாவா?" என்று சிரித்தார். அம்மா சிரித்ததில் தப்பில்லை. பாட்டி விறகுக்காக நடந்தார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு நடக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் சும்மா நடந்ததே இல்லை!

வனத்துறையிடம் அனுமதி கேட்டு, காட்டழகர் கோயில் போகும் பாதையில் நடந்தோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் பக்தர் கூட்டம் நிறையும் பாதை அது. மற்ற நாளில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். மருந்து வாடை இல்லாத காற்றை அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய இழுத்தேன்.

மேலே கிளையில் சாம்பல் நிற அணில்! 1988-ல் இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்ததே அதைக் காப்பாற்றத்தான். பெரும்பாலும் தரையில் இறங்காது. கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் ரோடே துண்டாகிவிடும். 2021-ல் மேகமலையோடு சேர்த்து இது புலிகள் காப்பகமும் ஆனது.

"காட்டுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்ம ஊர் வைப்பாறு பிறப்பது இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில்தான். இருக்கன்குடியில் அதோடு சேரும் அர்ஜுனா நதியும் அப்படித்தான். மலையில் மரம் நின்றால்தான் நம் மணலில் தண்ணீர்!

ஆனால், "இயற்கையை ரசிக்கிறோம்" என்று பாட்டில் உடைப்பது, பாட்டுப்பெட்டியை அலறவிடுவது, குரங்குக்கு முறுக்கு போடுவது... இதெல்லாம் ரசனையா? அங்கே பளியர் மக்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் இப்படிச் செய்வோமா? அனுமதி இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஓடை திடீரென்று பெருகும். அப்போது போகவே கூடாது.

நம் யூனியனுக்கு என் கோரிக்கை ஒன்றே. தூரத்து டூர் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஆண்டுக்கு ஒரு நாள், பஸ் காசில் எல்லோரும் வரக்கூடிய ஒரு காட்டு நடையும் வைக்க வேண்டும். யாரும் "உடம்பு சரியில்ல" என்று பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு நாள்! அரசுக் காடு பணக்காரனுக்கு மட்டும் சொந்தமா? விறகு சுமந்தவள் பேரனுக்கும் அங்கே சும்மா நடக்க உரிமை உண்டு. அதை அழுக்காக்காமல் திருப்பித் தரும் கடமையும் உண்டு.

அம்மாவிடம் அந்த அணிலைப் பற்றிச் சொன்னேன். கைவேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"லீவு கெடைச்சா என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போடா... சும்மாதான்."

சிந்திப்போம் நண்பர்களே!

— இரண்டாமாண்டு, மெக்கானிக்கல்