சாவி யார் கையில்?

தொப்பூர் கணவாயில் லோடு லாரியை இறக்கிக்கொண்டு வரும் டிரைவருக்கும், முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும் கேப்டனுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேரும் ஓட்டுவது அடுத்தவர் வண்டி! ஓனர் கையில் காசு தீர்ந்துபோன சமாசாரம் கடைசியாகத் தெரியவருவதும் இவர்களுக்குத்தான்.

ஒரு வேற்றுமையும் உண்டு. டோல்கேட் பக்கத்து டீக்கடையில் ஒரு டிரைவர் சொன்னார்: "ரெண்டு டிரிப் பேட்டா வரலைன்னா வண்டியை ஓரங்கட்டி, சாவியை ஓனர் வீட்டு ஆணியில மாட்டிட்டு வந்துருவேன் சார். மறுநாளே வேற வண்டி. சங்ககிரியில இல்லாத லாரியா?"

பேச்சு ஏரோப்ளேனுக்குப் போனதற்குக் காரணம், இந்த ரோட்டிலேயே ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் ஏர்போர்ட். 2009-ல் கிங்ஃபிஷர் அங்கிருந்து சென்னைக்கு விமானம் விட்டது. அப்புறம் அந்த சர்வீஸும் நின்றது, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றது. நிற்கும்போது ஊழியர்களுக்கு ஏழு மாதச் சம்பள பாக்கி.

"ஏழு மாசமா! பைலட்டுங்களுக்கு சங்கம் கிங்கம் ஒண்ணும் கெடையாதா?" என்றார் டிரைவர். நல்ல கேள்வி. சங்கம் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அதற்கு ஜெட் ஏர்வேஸ் கதையைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு காட்சி.

முதல் காட்சி, 2009 செப்டம்பர். பைலட்டுகள் 'நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்ட்' என்று சங்கம் ஆரம்பிக்கிறார்கள். அதில் முன்னால் நின்ற இரண்டு பேரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்புகிறது. மறுபக்கம் கோஷமில்லை, கொடியில்லை. நூற்றுக்கணக்கான பைலட்டுகளுக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது! (நம் ஆபீஸில் நாலு பேர் சேர்ந்தாற்போல் லீவு போட்டாலே மேனேஜருக்கு வியர்க்கும்.) ஐந்து நாள் விமானங்கள் வரிசையாக ரத்து. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது காட்சி, 2019. அதே கம்பெனி, அதே சங்கம், சுமார் 1,100 உறுப்பினர்கள். முந்தின வருஷமே சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் கேட்டது, பைலட்டுகள் முடியாது என்றார்கள். குறைத்த சம்பளம் வேண்டாம் என்றவர்களுக்குச் சம்பளமே வராமல் போனது. ஜனவரியிலிருந்து பைசா இல்லை. ஏப்ரல் 1 முதல் ஓட்ட மாட்டோம் என்று சங்கம் அறிவித்தது, 15-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. 15 வந்தது, மறுபடியும் தள்ளிவைத்தது.

பயமா? இல்லை, கணக்கு. ஓட்டினால் ஓசியில் ஓட்டவேண்டும். நிறுத்தினால், 'பைலட்டுகளால்தான் கம்பெனி செத்தது' என்று ஊர் சொல்லும், பாக்கியும் போகும். சங்கம் பாங்க்குகளைப் பார்த்துக் கையேந்தியது, சொன்ன பணத்தைக் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றுங்கள் என்று. அவசரத்துக்குக்கூடப் பணம் இல்லை என்று பாங்க்குகள் கைவிரித்தன. ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம். நூற்றுக்கு மேல் விமானம் வைத்திருந்த கம்பெனியில் அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்தது ஐந்து. ஸ்ட்ரைக் செய்யவேண்டிய அவசியமே ஏற்படவில்லை!

பத்து வருஷத்தில் அந்தச் சங்கத்தின் பலம் எங்கே போனது? பலம் சங்கத்தில் பாதிதான் சார். மீதி பாதி எதிர்க்கடையில் இருக்கிறது.

லேலண்ட் ஓட்டினவர் நாளைக்கே டாடா ஓட்டுவார். பைலட்டால் முடியாது. போயிங் 737 ஓட்டுகிறவர் ஏர்பஸ் ஏ320-ல் உட்கார வேண்டுமானால் தனியாகப் பயிற்சி, தனியாக ரேட்டிங், மாதக்கணக்கில் நேரம், லட்சக்கணக்கில் செலவு. ஜெட்டில் பெரும்பாலும் 737. நாட்டின் மிகப் பெரிய கம்பெனியான இண்டிகோவில் ஏ320. போதாததற்கு 2017-ல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. கேப்டன் ராஜினாமா செய்தால் ஒரு வருஷம் நோட்டீஸ், கோ-பைலட் என்றால் ஆறு மாதம். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வருகிற வேலை இங்கே நடக்காது. 737 வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட், மூடிய ஜெட்டின் ஆட்களை எடுத்துக்கொண்டது வாஸ்தவம். ஆனால் பலருக்குப் பழைய சம்பளம் கிடைக்கவில்லை. தெருவில் நிற்பவனிடம் எவன் சார் பழைய ரேட் பேசுவான்?

இப்போது இதைத் தலைகீழாகப் பாருங்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவாலாகி விமானங்களை நிறுத்தியது. அங்கே ஓடியவை ஏ320. ஏர் இந்தியா அந்த பிப்ரவரியில்தான் 470 விமானம் வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தது. ஜூனில் இண்டிகோ 500 ஆர்டர் கொடுத்தது. எல்லோருக்கும் பைலட் வேண்டும். திவாலான கோ ஃபர்ஸ்ட் என்ன செய்தது தெரியுமா? போகாமல் இருந்தால் கேப்டனுக்கு மாதம் ஒரு லட்சம், கோ-பைலட்டுக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகத் தருகிறோம் என்றது! மஞ்சள் கடுதாசி கொடுத்த கம்பெனி சம்பளத்தை ஏற்றுகிற அதிசயம். அப்படியும் பலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் புத்திசாலிகள் என்பேன். கோ ஃபர்ஸ்ட் மறுபடி பறக்கவே இல்லை, 2025 ஜனவரியில் கலைக்க உத்தரவாகிவிட்டது.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு நெடுநாளாக நடக்கிறது. 1983-ல் கான்டினென்டல் கம்பெனி திவால் மனு போட்டு, சங்க ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, சில நாளிலேயே கிட்டத்தட்டப் பாதிச் சம்பளத்தில் விமானம் விட்டது. கூச்சல் கிளம்பி, மறுவருஷம் சட்டம் மாறியது. பேச்சுவார்த்தை நடத்தி, நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று. நம் திவால் சட்டத்தில் அப்படியொரு தனிப் பிரிவு கிடையாது.

சட்டம் இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள். யுனைட்டெட் ஊழியர்கள் 1994-ல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கம்பெனியில் 55 சதவிகிதப் பங்கு வாங்கினார்கள். தொழிலாளியே முதலாளி! 2002-ல் கம்பெனி திவால், பங்கு காகிதம். டெல்டா பைலட்டுகள் 2004-ல் 32.5 சதவிகிதம் சம்பளத்தை விட்டார்கள். அடுத்த வருஷமே டெல்டா திவால் கோர்ட்டுக்குப் போனது, இன்னும் குறை என்றது. வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றால், அங்கே சீனியாரிட்டியில் கடைசி ஆளாகச் சேரவேண்டும். இருபது வருஷம் ஓட்டின கேப்டன் மறுபடி கோ-பைலட். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பாங்க் கடன் கொடுத்தால் அடமானம் கேட்கும், கியாரண்டி கேட்கும். ஊழியர் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தால் அதுவும் கம்பெனிக்குக் கொடுத்த கடன்தான். வட்டியில்லை, பத்திரமில்லை. சம்பளத்தை நிறுத்தி மிச்சம் பிடிக்கிற நிர்வாகம், டீசல் மிச்சம் பிடிக்கத் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற டிரைவர் மாதிரி. கொஞ்ச தூரத்துக்கு லாபமாகத்தான் தெரியும். பிரேக் சூடேறிக் கைவிடும்போதுதான் தெரியும், கியர் எதற்கு என்று.

திவால் கம்பெனியைக் கலைத்தால் பணம் பிரிக்க 2016 சட்டத்தில் ஒரு க்யூ இருக்கிறது. முதலில் வழக்குச் செலவு. அடுத்து, அடமானம் வாங்கிய பாங்க்குகளும் 'தொழிலாளி'களின் கடைசி 24 மாத பாக்கியும் சமமாக. அதற்குப் பிறகுதான் மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. லட்சத்தில் சம்பளம் வாங்கும் பைலட் சட்டப்படி தொழிலாளியா இல்லையா என்பது கோர்ட் வரை போன சண்டை. ஸ்டார் ஹோட்டலில் தங்குகிறவருக்கு, தொழிலாளி என்று பெயர் வாங்கினால்தான் க்யூவில் ஒரு படி முன்னேற்றம்! டையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அசிஸ்டென்ட் மேனேஜர்களும் இதைக் கவனிக்கலாம். நீங்கள் பெரும்பாலும் பின்வரிசை.

ஜெட் விஷயத்தில் வாங்க ஆள் வந்து, திட்டம் போட்டு, 2021-ல் ஒப்புதலாகி, பறக்காமலேயே இழுத்து, 2024 நவம்பர் 7-ல் கலைத்துவிடச் சொன்னது சுப்ரீம் கோர்ட். இந்த இழுபறியில் ஊழியர் பக்கம் உருப்படியாக நின்ற விஷயம் ஒன்று. பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2022-ல் அப்பீல் தீர்ப்பாயம் சொன்னது, 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதில் தலையிட மறுத்தது. சட்டப்படி பி.எஃப். பணம் அந்த க்யூவிலேயே நிற்காது, தனி வழி.

அதனால் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகிற ஆபீஸில் இருப்பவர்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, கம்பெனி கடைசியாகப் பணம் கட்டிய மாதம் எது என்று பாருங்கள். ஸ்லிப்பில் பிடித்திருப்பார்கள். பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா?